மீன்பிடி உரிமம் மறுக்கப்பட்டதா? மேல்முறையீடு செய்வது எப்படி

மறுப்புக் கடிதம் வந்ததும் பலர் கடன், பிள்ளைகள் படிப்பு, பரம்பரைத் தொழில் என்று பக்கம் பக்கமாக எழுதிவிடுகிறார்கள். அத்தனையும் உண்மையாக இருக்கும். ஆனால் மேல்முறையீட்டில் பார்ப்பது, மறுக்கச் சொன்ன காரணம் விதிப்படி சரியா என்பதைத்தான். அந்தக் காரணத்தை உடைப்பதே உங்கள் வேலை.

படி 1: கடிதம் கைக்கு வந்த தேதியை உறைமேல் எழுதி, உறையைப் பத்திரப்படுத்துங்கள். மேல்முறையீட்டுக்கான கெடு எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று பாருங்கள். தெளிவில்லையா? மறுப்பு ஆணையில் போட்ட தேதியிலிருந்தே எண்ணுங்கள்.

படி 2: காரணத்தையும் விதி எண்ணையும் அடிக்கோடிடுங்கள். வெறுமனே "தகுதியில்லை" என்றிருந்தால் காரணமும் கோப்பின் நகலும் கேட்டு அன்றே எழுதிக் கொடுங்கள். பதிலுக்குக் காத்திருந்து கெடுவைக் கோட்டைவிடாதீர்கள்.

படி 3: சான்று திரட்டுங்கள். அதிகம் சிக்குவது இரண்டு இடங்களில்.

இன்ஜின் திறன்: இன்ஜின்மேல் உள்ள தகட்டில் 147 கிலோவாட், படிவத்தில் 200 குதிரைத்திறன். பிரிட்டிஷ் குதிரைத்திறன் ஒன்றுக்கு 0.746 கிலோவாட்; அலுவலகம் அதால் வகுத்தால் 197 வரும். பொருந்தவில்லை என்று தள்ளிவிடும். மெட்ரிக் குதிரைத்திறன் ஒன்றுக்கு 0.7355 கிலோவாட், அதன்படி வகுத்தால் முழு எண்ணாக 200 வரும். தகட்டின் படத்தையும் தயாரிப்பாளர் சான்றையும் சேர்த்து, கணக்கை ஒரே வரியில் போட்டுக் காட்டுங்கள்.

பிடித்த அளவு: தேவை 8,000 கிலோ, உங்கள் விற்பனைச் சீட்டுகளின் கூட்டல் 7,000 என்று வைத்துக்கொள்வோம். அது குடல் நீக்கிய எடையா என்று பாருங்கள். விதி முழு மீன் எடையைக் கேட்டால், அந்த மீனுக்கு மீன்வளத் துறை வைத்திருக்கும் மாற்று எண்ணால் (குடல் நீக்கிய எடையை முழு எடையாக மாற்றும் எண்) பெருக்க வேண்டும். எண் 1.2 என்றால் 8,400 கிலோ, தகுதி வந்துவிட்டது. சீட்டின் தேதியும் லாக்புக் (படகின் மீன்பிடிப் பதிவேடு) தேதியும் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒரு சீட்டு முரண்பட்டாலும் மற்றவற்றின்மேல் சந்தேகம் விழும்.

படி 4: மனு இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். இப்படி எழுதலாம்: "ஆணையின் 3ஆம் பத்தி, பிடித்த அளவு 7,000 கிலோ என்கிறது. அது குடல் நீக்கிய எடை. முழு எடை 8,400 கிலோ. இணைப்பு 1 முதல் 14 வரை காண்க. ஆணையை ரத்து செய்து உரிமம் வழங்கக் கோருகிறேன்." நேரில் விசாரணை வேண்டுமென்றால் இதிலேயே கேளுங்கள்.

படி 5: அசலைக் கையில் வைத்துக்கொண்டு நகல்களைக் கொடுங்கள். தேதியிட்ட ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

மேல்முறையீடு போட்டதாலேயே கடலுக்குப் போக அனுமதி வந்துவிடாது. விதியில் இடமிருந்தால் இடைக்கால அனுமதியைத் தனியாகக் கேளுங்கள். அது கைக்கு வருமுன் வலை போட்டால், அந்த விதிமீறலையே மறுப்புக்குப் புதுக் காரணமாகக் காட்டுவார்கள்.