சாம்பல் நிறச் சட்டகங்கள்

கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடி, 2003-இல் லிண்டன் லேப் தொடங்கிய செகண்ட் லைஃப் என்னும் மெய்நிகர் உலகின் ஓவியக் கூடங்களைச் சுற்றிப் பார்ப்பது என் மாலை நேர வழக்கம். சென்ற மாதம் ஒரு கூடத்துக்குள் நுழைந்தபோது, சுவரில் மாட்டியிருந்த ஓவியங்கள் அனைத்தும் எழுதாத சிலேட்டுகளைப் போல நின்றன. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அம்மாயி, "என்ன சாமி, வெறும் அட்டையவே பாத்துட்டு உக்காந்திருக்கறே?" என்றார்.

முதலில் வைஃபையைத்தான் சந்தேகித்தேன். கேபிளுக்கு மாறிய பின்னும் ஓவியங்கள் ஒரு கணம் தெளிந்து மீண்டும் மங்கின. அந்த மங்கல்தான் துப்பு. அங்கே ஒரு நிலப்பகுதி 256 மீட்டர் நீளமும் அகலமும் கொண்டது. என் மென்பொருளில் டிரா டிஸ்டன்ஸ் எனப்படும் பார்வைத் தொலைவும் 256 மீட்டராகவே இருந்ததால், சுவருக்கு அப்பாலுள்ள தோட்டம், படகுத்துறை ஆகியவற்றின் படங்களும் சேர்ந்து இறங்கின. நீளத்திலும் அகலத்திலும் 1,024 புள்ளிகள் கொண்ட ஒரே படம் விரிந்தால் ஏறத்தாழ 3 மெகாபைட் பிடிக்கும். என் பழைய மடிக்கணினியின் கிராபிக்ஸ் நினைவகம் அத்தனை படங்களையும் ஒருசேரத் தாங்கவில்லை.

அமைப்புகளின் கிராபிக்ஸ் பகுதியில் அத்தொலைவை 64 ஆக்கி, அங்கே உலவும் பிறரைக் குறிக்கும் அவதாரங்களையும் எளிய உருவங்களாகக் காட்டச் செய்தேன். சிறிது நேரத்தில் தூரிகைத் தடங்கள்கூடத் தெரிந்தன. மலையும் கடலும் காணச் செல்லும்போது மட்டும் 256-க்கு ஏற்றிக்கொள்கிறேன். அப்போது மடிக்கணினியின் விசிறி விசைத்தறியைப் போல இரைவதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.