சம்பாத்தியம் உங்களுடையது, பத்திரம் யார் பேரில்?

"தினம் ரெண்டாயிரம் பாக்குறேன். ஆனா மாசக் கடைசியில கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது."

பாலியல் தொழிலில் இருந்த காலத்தில் நானும் இதையேதான் புலம்பிக்கொண்டு திரிந்தேன். பிறகு தொழிலை விட்டுவிட்டு ஒரு சமூக அமைப்பில் பியராகச் சேர்ந்தேன். (குடிக்கிற பீர் இல்லை. நம்மில் ஒருத்தியே நமக்கு யோசனை சொல்கிற வேலைக்கு அப்படி ஒரு பெயர்.) ஆணுறை எண்ணிக் கொடுத்த நேரத்தைவிட, பெண்களோடு தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்ட நேரம்தான் அதிகம். ஒரு வீட்டுக்கோ ஆளுக்கோ கட்டுப்படாமல், ஒரு போனை வைத்துக்கொண்டு தனியாகத் தொழில் செய்கிறவர்கள் காசு விஷயத்தில் எங்கே வழுக்கி விழுகிறார்கள் என்பது அப்படித்தான் பிடிபட்டது. தொழில் சரியா தப்பா என்ற பட்டிமன்றத்தை வேறு யாராவது நடத்திக்கொள்ளட்டும்.

நல்ல நாளை வைத்துக் கணக்குப் போடுவது

மேலே சொன்ன "தினம் ரெண்டாயிரம்" அக்காவிடம் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடுத்து ஒரே ஒரு வாரம் எழுதச் சொன்னேன். திங்கள் 1,200. செவ்வாய் இல்லை. புதன் 800. வியாழன் 2,500. வெள்ளி கோயில், சனி 1,500, ஞாயிறு இல்லை. மொத்தம் 6,000. இதில் நான்கு நாள் ரூம் வாடகை 300 வீதம் 1,200. ஆட்டோ 600. புரோக்கர் மூலமாக வந்த இரண்டு பேருக்குக் கமிஷன் 600. பூ, பவுடர், ரீசார்ஜ் 200. செலவு 2,600 போக மிச்சம் 3,400. ஏழால் வகுத்தால் ஒரு நாளைக்கு 486 ரூபாய்கூட முழுசாக வரவில்லை. அக்கா நோட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "அப்ப இந்த வியாழக்கிழமைதான் என் கண்ண மறைச்சிருக்கு" என்றார்.

வியாழக்கிழமையை நம்பித்தான் பிரியாணி, புடவை, தம்பிக்குச் செல்போன் எல்லாம். நம் தொழிலுக்கும் பஞ்சாங்கம் உண்டு. சம்பளத் தேதியை ஒட்டி முதல் பத்து நாள் ஓடும், இருபதுக்கு மேல் படுத்துவிடும். கார்த்திகை பிறந்தால் பாதிப் பேர் மாலை போட்டுவிடுவார்கள், தை வரைக்கும் மந்தம்தான். தேர்தல் அறிவித்துவிட்டால் லாட்ஜுக்கு லாட்ஜ் சோதனை. ஜூனில் ஸ்கூல் ஃபீஸ் வந்து நிற்கும். மாதத்தில் ஐந்தாறு நாள் உடம்பே லீவு கேட்கும். ஆகவே செலவைத் திட்டமிடுவதாக இருந்தால் மார்கழி மாத வருமானத்தை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். மற்ற மாதங்களில் அதற்கு மேல் வருவது மார்கழிக்கான பணம்.

தண்டல்காரர் வாசலுக்கு வருகிறார் என்பதற்காக வாங்குவது

மந்தமான மாதத்தில் முதலில் நினைவுக்கு வருகிறவர் தண்டல்காரர்தான். ஜாமீன் கேட்க மாட்டார், என்ன தொழில் என்று கேட்க மாட்டார், வாசலுக்கே வருவார். பத்தாயிரம் தண்டலில் 1,500-ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "ஆயிரத்தைநூறு தானே" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். சராசரியாகப் பார்த்தால் நம் கையில் இருந்தது நாலாயிரத்துச் சொச்சம்தான். அதற்கு மூன்று மாதத்தில் 1,500 வட்டி. வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு 120-ஐத் தாண்டிப் போகும். வங்கியில் நகைக்கடன் வட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தலை சுற்றும். மீட்டர் வட்டி, கந்துவட்டியெல்லாம் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே சட்டப்படி குற்றம். ஆனால் ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சட்டப் புத்தகம் மருந்து வாங்கித் தராது, அதுவும் எனக்குத் தெரியும்.

இதில் என்னை யோசிக்க வைத்தது கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கிற சோனாகாச்சி பகுதி. அங்கே பாலியல் தொழிலாளர்களே சேர்ந்து 1995-இல் உஷா என்று ஒரு கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். உறுப்பினர் 'நல்லொழுக்கம்' உள்ளவராக இருக்க வேண்டும் என்று கூட்டுறவுச் சட்டத்தில் இருந்த வரியைக் காட்டி முதலில் தடுத்தார்கள். குடும்பத் தலைவி என்று போட்டுக்கொள்ளுங்களேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். இவர்கள் மசியவில்லை. சொந்தப் பெயரில், சொந்தத் தொழிலைச் சொல்லியே பதிவு வாங்கினார்கள். அவர்கள் செய்தது வேறொன்றுமில்லை. தண்டல்காரர் தினம் வந்து பிடுங்கிக்கொண்டு போகிற அதே வாசலுக்கு, சேமிப்பு வசூலிக்கிறவரை தினம் அனுப்பினார்கள்.

நம் ஊரில் அதற்குக் கிட்டத்தில் இருப்பது அஞ்சலக ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், ஐந்து வருஷம். வீட்டுக்கே வந்து வாங்கிப் போகிற மகளிர் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். தவணையை ஒழுங்காகக் கட்டி ஒரு வருஷம் ஆகியிருந்தால், கட்டியதில் பாதி வரை அதன்மேலேயே கடன் வாங்கலாம். ஏஜென்ட்டிடம் கொடுத்த காசு பாஸ்புக்கில் ஏறியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அவ்வளவுதான். ஏலச்சீட்டு போடுவதாக இருந்தால் பதிவு செய்த சீட்டுதானா என்று பாருங்கள். பதிவில்லாத சீட்டை நடத்தியவர் ஓடிப்போனால் போலீஸ் நிலையத்தில் புகார் எழுதும்போது முதல் கேள்வியே "நீ என்ன வேலை பாக்குற?" என்றுதான் வரும். இது தெரிந்தேதான் நம்மிடம் சீட்டுப் பிடிக்க வருகிறார்கள்.

கடன் ஆப் பக்கம் போகவே வேண்டாம். போனில் இருக்கிற எண்கள், படங்கள் எல்லாவற்றையும் திறக்க அனுமதி கேட்கிற ஆப் எதுவும் யோக்கியமானது இல்லை. கடன் ஆப் அப்படி எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. நம் போனில் யார் யார் எண் இருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

கணக்கு இல்லாமல் இருப்பது, இருந்தும் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வாங்குவது

ஊரை விட்டு வந்ததில் ஆதார், ரேஷன் கார்டு எதுவும் இல்லை, அதனால் வங்கிக் கணக்கும் இல்லை என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறது. மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டு சங்கத்தின் திட்ட இயக்குநரோ, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கெசட்டட் அதிகாரியோ தருகிற சான்றை வைத்து ஆதார் எடுக்கலாம். அட்டையில் நம் தொழிலைக் காட்டிக்கொடுக்கிற எந்தக் குறியீடும் இருக்கக் கூடாது என்பதும் அந்த உத்தரவிலேயே இருக்கிறது. உங்கள் பகுதியில் வேலை செய்கிற அமைப்பிடம் கேளுங்கள். ஆதார் வருவதற்குள் வங்கியில் 'சிறு கணக்கு' திறக்கலாம். அதில் இருப்பு 50,000-க்கு மேல் போகக் கூடாது, மாதம் 10,000 வரைதான் எடுக்க முடியும். இருந்தாலும் அது உங்கள் பேரில் இருக்கும்.

கணக்கு இருக்கிறவர்கள் செய்கிற தவறு வேறு. கஸ்டமர் ஜிபேயில் அனுப்புகிறார், திரையில் வங்கியில் உள்ள உங்கள் முழுப் பெயர் வந்து நிற்கிறது. வெளியில் நீங்கள் பிரியாவோ சுவாதியோ, அங்கே அப்பா வைத்த பெயர். முன்பின் தெரியாத ஆளிடம் ரொக்கம்தான் நல்லது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கென்று தனி எண், தனிக் கணக்கு. இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஆள் அனுப்பிய பணம் யாரையோ ஏமாற்றிய பணமாக இருந்தால், சைபர் கிரைம் போலீஸ் அது போய்ச் சேர்ந்த கணக்கையும் முடக்குவார்கள். ஸ்கூல் ஃபீஸுக்கு வைத்த பணமும் அதோடு சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

பணம் அனுப்பியாச்சு என்று காட்டுகிற ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். உங்கள் ஆப்பைத் திறந்து இருப்பைப் பாருங்கள். பணம் வாங்குவதற்கு யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை. பின் கேட்டால் போவது உங்கள் பணம். ஆன்லைனில் மிரட்டிப் பறித்தாலும் ஏமாற்றினாலும் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யலாம், தொழிலைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. "உன் அக்கவுண்ட்ட கொஞ்ச நாள் குடு, மாசம் அஞ்சாயிரம் தரேன்" என்று கேட்டு வருகிறவனுக்குக் கதவைத் திறக்கவே வேண்டாம்.

வருமான வரி பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு, ஆனால் கேட்கிறார்கள். வருமானம் எந்த வழியில் வந்தாலும் வரிச் சட்டத்துக்கு அது வருமானம்தான். 2025–26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் 12 லட்சம் வரை வரி கட்ட வேண்டியதில்லை, ஆனால் 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் போட வேண்டும். படிவத்தில் 'பிற சேவைகள்' என்று ஒரு வகை இருக்கிறது. இரண்டு மூன்று வருஷ ரிட்டர்ன் கையில் இருந்தால் வீட்டுக் கடன் கேட்கும்போது மேனேஜர் முகம் மாறும்.

நிலம் அவர் பேரில், கடன் உங்கள் பேரில்

இதுதான் பெரிய தவறு. எழுதவே கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

ஓர் அக்கா ஒன்பது வருஷம் சேர்த்து ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கினார். பத்திரம், பட்டா எல்லாம் "அவர்" பேரில். அவர் என்றால் தாலி கட்டியவர் இல்லை, கூட இருக்கிறவர். "பொம்பள பேர்ல வாங்குனா அக்கம்பக்கத்துல கேள்வி வரும்" என்று சொன்னாராம். அதே அக்கா பேரில் என்ன இருந்தது என்று நாங்கள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். அவர் ஓட்டுகிற பைக்கின் மாதத் தவணை. மகளிர் குழுவில் அவருக்காக எடுத்த கடன். அடகுக் கடையில் இரண்டு பவுன் சங்கிலி, ரசீதும் அக்கா பேரில்தான். ஒரு பக்கம் சொத்து, ஒரு பக்கம் கடன் என்று நோட்டில் நடுவே கோடு போட்டால், சொத்துப் பக்கம் வெறும் காகிதமாக இருந்தது. அவர் ஒரு பங்குனியில் போய்விட்டார். பைக்கும் போய்விட்டது, தவணை மட்டும் வந்துகொண்டிருந்தது.

அன்பு வேறு, பத்திரம் வேறு. அவர் நல்லவராகவே இருந்தாலும் அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் மனை அவருடைய மனைவி மக்களுக்குத்தான் போகும். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. அக்கம்பக்கத்தில் கேள்வி கேட்டால் அதையே பதிலாகச் சொல்லுங்கள்.

வாடகை விஷயத்தில் ஒன்று. செலவைக் குறைக்க இரண்டு பேர் சேர்ந்து வீடு எடுத்து, அங்கேயே தொழிலும் செய்வது கணக்குக்கு நல்லது, சட்டத்துக்கு ஆகாது. விபச்சாரத் தடுப்புச் சட்டம் என்கிற 1956-ஆம் வருஷச் சட்டத்தில் தனியொருத்தி சுயமாகத் தொழில் செய்வதே குற்றம் என்று இல்லை. ஆனால் இரண்டு பேர் பரஸ்பர லாபத்துக்காக ஓர் இடத்தைப் பயன்படுத்தினால் அது விபச்சார விடுதி என்ற வரையறைக்குள் வந்துவிடுகிறது. வழக்கு, வக்கீல், திரும்பி வராத அட்வான்ஸ் என்று பார்த்தால் மிச்சப்படுத்திய வாடகை எந்த மூலைக்கு? அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு, நம் சம்பாத்தியத்தில் தெரிந்தே வாழ்கிற பதினெட்டு வயது கடந்தவரையும் குற்றவாளியாக்குகிறது. கல்லூரிக்குப் போகிற மகனையும் அதில் இழுக்க முடியும் என்பது அநியாயம்தான். அதற்காகவாவது மகன் கணக்கில் மொத்தமாகப் போட்டு வைக்காமல், உங்கள் கணக்கிலிருந்தே நேராகக் கல்லூரிக்குக் கட்டுங்கள்.

உயில் எழுதாமல் இருப்பது

நம்மில் பலருக்குக் கணவர் உண்டு, விவாகரத்து இல்லை. அடித்துத் துரத்தியவர், பதினைந்து வருஷமாக முகம் பார்க்காதவர். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் நாம் போய்விட்டால் நாமே சம்பாதித்த சொத்தில் பிள்ளைகளோடு அவருக்கும் சம பங்கு. பிள்ளை இல்லை என்றால் முழுசாக அவருக்கு. அவரும் இல்லை என்றால் அவர் வீட்டு ஆட்களுக்கு. பெற்ற தாய்க்கு அதற்கப்புறம்தான். இதைச் சொல்லும்போது ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு நிமிஷம் யாரும் பேச மாட்டார்கள். வங்கியில் நாமினி போட்டிருக்கிறேனே என்பார்கள். நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைப்பவர், வாரிசு ஆகிவிட மாட்டார்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவு செய்வது நல்லது, கட்டாயம் இல்லை. யாருக்கு எது என்று எழுதி, இரண்டு சாட்சிகள் பார்க்கக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும், அவர்களும் போட வேண்டும். யாருக்குச் சொத்து போகிறதோ அவரைச் சாட்சியாக வைக்காதீர்கள்.

அந்த ஒன்பது வருஷத்து அக்கா போன வருஷம் சங்கிலியை மீட்டார். ஆர்.டி. நாலாயிரத்துச் சொச்சத்தில் நிற்கிறது. அவர் எழுதிய உயிலில் மொத்தம் மூன்று வரிதான்: சங்கிலி மகளுக்கு, ஆர்.டி. அம்மாவுக்கு, தையல் மிஷின் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு. சாட்சிக் கையெழுத்து ஒன்று என்னுடையது, இன்னொன்று தெருமுனை ஆட்டோக்காரருடையது. முதலில் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார், எலி ஓரத்தைக் கொறித்துவிட்டது. இப்போது பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பாஸ்புக்கோடு வைத்திருக்கிறார். அது எங்கே இருக்கிறது என்று மகளுக்கும் தெரியும்.