கல்லூரிச் செலவுக்கு முதலில் உதவித்தொகை, பிறகே கடன்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் மே மாதத்தில் தமிழ்நாட்டின் பெரும்பாலான வீடுகளில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு என்ற பேச்சே நடக்கும். பணத்தைப் பற்றிய பேச்சு சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் தொடங்கும். அப்போது கட்டணம் செலுத்துவதற்கு ஒரு வாரமோ பத்து நாளோதான் மிஞ்சியிருக்கும் என்பதால், திருப்பித் தர வேண்டாத பணம் எங்கெங்கே கிடைக்கும் என்று பார்க்காமலே நேராக வங்கிக்கு ஓடுகிறோம். இந்த வரிசையை மாற்றினாலே கடன் கணிசமாகக் குறையும்.

தொடங்க வேண்டிய இடம் இ-சேவை மையம். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், குடும்பத்தில் எவரும் பட்டம் பெற்றிராவிட்டால் முதல் பட்டதாரி சான்றிதழ் ஆகியவற்றுக்குத் தேர்வு முடிவுக்குக் காத்திராமல் ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது. கலந்தாய்வுக் காலத்தில் வருவாய்த் துறையில் விண்ணப்பங்கள் குவிந்துவிடும். அதோடு மாணவரின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி, அதில் ஆதாரை இணைக்க வேண்டும். இரண்டு மூன்று கணக்குகள் உள்ளவர்கள், நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காகக் கடைசியாக எந்தக் கணக்கில் ஆதார் இணைக்கப்பட்டதோ அங்குதான் உதவித்தொகை போய்ச் சேரும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பணம் வரவில்லை என்று அலைகிற பலருக்கு அது மறந்துபோன பழைய கணக்கில் வந்து கிடப்பது உண்டு.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே வாய்ப்புகள் அதிகம். மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் அவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2022 செப்டம்பரில் மாணவிகளுக்காகத் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருபவை. வேறு உதவித்தொகை பெறுபவர்களும் இவற்றைப் பெறலாம். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இவற்றுக்குள் வருகிறார்கள்.

முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்பவர்களுக்கு மட்டுமே உரியது. நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கினால் அந்தச் சலுகை போய்விடும். வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்பதற்காக நிர்வாக ஒதுக்கீட்டை நாடும் குடும்பங்கள் நான்கு ஆண்டுகளுக்குமான கட்டண வேறுபாட்டைக் காகிதத்தில் எழுதிப் பார்த்த பிறகு முடிவெடுப்பது நல்லது.

பட்டியல் இனத்தவருக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மத்திய அரசின் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் இன்னும் இரண்டு வாய்ப்புகள் உண்டு. பிளஸ் டூவில் தம் கல்வி வாரியத்தின் முதல் 20 விழுக்காட்டினருக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு இளநிலைப் படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். தொழில்நுட்பப் படிப்பின் முதலாம் ஆண்டில் சேரும் மாணவிகளுக்கு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், பிரகதி திட்டத்தில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் உண்டு. ஒரு குடும்பத்தில் இருவர் வரை இதைப் பெறலாம். இவை இரண்டும் வேறு உதவித்தொகையுடன் சேராதவை என்பதால், எது பெரிதோ அதற்கே விண்ணப்பிக்க வேண்டும்.

இவ்வளவையும் கழித்த பிறகு மிஞ்சும் தொகைக்குத்தான் கடன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணையோ, மூன்றாம் நபர் ஜாமீனோ, நம் பங்குப் பணமோ தேவையில்லை. பெற்றோர் இணைக் கடனாளராகக் கையெழுத்திட்டால் போதும். மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதியத்தின் கீழ் 7.5 லட்சம் வரையிலும் பிணையின்றிப் பெற வழியுண்டு. சேர்க்கைக் கடிதம், கல்லூரி முத்திரையுடன் எல்லா ஆண்டுகளுக்குமான கட்டண விவரம், மதிப்பெண் பட்டியல்கள், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றோடு கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, அந்த விண்ணப்ப எண்ணுடன் கிளைக்குச் செல்ல வேண்டும். வெறும் கையோடு போய் வாய்மொழியாகக் கேட்டால் பதிலும் வாய்மொழியாகவே வரும், அதை எங்கும் மேல்முறையீடு செய்ய முடியாது.

“உங்கள் ஊர் எங்கள் கிளையின் எல்லைக்குள் இல்லை” என்று ஒரு கிளையில் என்னிடமும் சொன்னார்கள். அந்தக் காரணத்துக்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கியின் மேலிடத்துக்குப் புகார் அனுப்பி 30 நாட்களில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் கட்டணமின்றி முறையிடலாம்.

படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை என்பதால் அக்காலத்தில் வட்டியும் கிடையாது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். ஆனால் பணம் கல்லூரிக்குப் போன நாளிலிருந்தே தனிவட்டி ஏறத் தொடங்கும். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளுக்கு 10 விழுக்காட்டில் கடன் பெற்றதாகக் கொள்வோம். தவணை தொடங்கும்போது வட்டி மட்டும் 1,40,000 ரூபாய் சேர்ந்து, கடன் 5,40,000 ஆகியிருக்கும். பத்தாண்டுத் தவணையில் மாதம் சுமார் 7,136 ரூபாய் கட்ட வேண்டிவரும். வட்டியை மட்டும் அவ்வப்போது செலுத்தி வந்திருந்தால் அதே தவணை சுமார் 5,286தான். படிக்கும் காலத்திலேயே வட்டி செலுத்துபவர்களுக்கு ஒரு விழுக்காடு வட்டிச் சலுகை தரும் வங்கிகளும் உண்டு. முதலாண்டில் அந்த வட்டி மாதம் 833 ரூபாய்தான் ஆகும். புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாயைக் கடன் கணக்குக்குத் திருப்பிவிட்டாலே அது அடைந்துவிடும்.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து தொழிற்படிப்புக்குக் கடன் பெறுபவர்களுக்கு இந்த இடைக்கால வட்டி முழுவதையும் மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் நடப்பில் உள்ளது. இதைப் பெறக் கல்லூரிக்கோ படிப்புக்கோ உரிய தரச்சான்று இருக்கிறதா என்பதைச் சேர்வதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். படிப்பைப் பாதியில் விட்டால், மருத்துவக் காரணமாக இருந்தாலொழிய, அந்த மானியம் கிடைக்காது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம்-வித்யாலட்சுமி திட்டம், தரவரிசையில் உள்ள குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்குப் பிணையற்ற கடனோடு, வருமானம் 8 லட்சம் வரை இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. வேறு அரசு உதவித்தொகை பெறுபவர்களுக்கு இந்த மானியம் பொருந்தாது. மானியம் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாமல், கடன் ஒப்புதலின்போதே வருமானச் சான்றிதழைக் கிளையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.