மூக்கு உடனே திறந்தால் அது நல்ல மருந்தா? மூக்கு ஒவ்வாமையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், தண்ணீராக ஒழுகும் மூக்கு, கண்ணரிப்பு, பிறகு அடைப்பு. மூக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன வேதனை. இதற்கான சிகிச்சை குறித்து நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ச்சி நடக்கிறது. 1911-லேயே லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் லியோனார்ட் நூன், ஒவ்வாமையைத் தணிக்கப் புல் மகரந்தச் சாற்றையே ஊசியாகப் போட்டுப் பார்த்தார். ஆனால் மருந்துக் கடையில் நாம் கேட்பது இன்றும் ஒன்றே ஒன்றுதான்: எது உடனே மூக்கைத் திறக்கும்? அநேகத் தவறுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

முதலில் மூக்குச் சொட்டு மருந்து. சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் இரண்டும் மூக்கின் உட்சவ்வில் உள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. சில நிமிடங்களில் மூச்சு சீராகிவிடும். தொடர்ந்து ஐந்து நாளைத் தாண்டினால் வினை. மருந்தின் வேகம் தணிந்ததும் சவ்வு முன்பைவிட அதிகமாக வீங்குகிறது. அதை நோய் முற்றிவிட்டதாக நினைத்து மறுபடி சொட்டு விடுகிறோம். மாதக்கணக்கில் இப்படிப் போகிறவர்களுக்கு, அடைப்புக்குக் காரணமே அந்தக் குப்பிதான். ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதிலிருந்து வெளியே வர வழி இருக்கிறது.

சளி மாத்திரைகளில் சேர்க்கப்படும் ஃபீனைலெஃப்ரின் வேறு கதை. வாய்வழியாக எடுத்தால் அது மூக்கடைப்பைக் குறைப்பதில்லை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாக முடிவு சொன்னது. அதே மாத்திரையில் பெரும்பாலும் தூக்கம் வரவழைக்கும் குளோர்ஃபெனிரமின் என்ற ஆன்டிஹிஸ்டமினும் (ஒவ்வாமையை அடக்கும் மருந்து) இருக்கும். இங்கிலாந்தில் 1,834 பள்ளி மாணவர்களை வைத்து நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், மகரந்த ஒவ்வாமையால் அவதிப்பட்டவர்கள் குளிர்காலத் தேர்வில் வாங்கிய தரத்தைவிட, மகரந்தம் பறக்கும் கோடைக்காலத் தேர்வில் இறங்குவது அதிகமாக இருந்தது. தூக்கம் தரும் ஆன்டிஹிஸ்டமின் எடுத்தவர்களிடம் அந்தச் சரிவு இன்னும் கூடுதல். பொதுத்தேர்வு நேரத்தில் பிள்ளைக்கு அந்த மாத்திரையைக் கொடுக்குமுன் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும்.

மான்டிலுகாஸ்ட், லெவோசெட்ரிசின் சேர்ந்த மாத்திரையை நம் ஊரில் மிகச் சாதாரணமாக விழுங்குகிறோம். மான்டிலுகாஸ்டால் சிலருக்கு மனச்சோர்வு, கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் வரை ஏற்படலாம் என்பதால் 2020 மார்ச்சில் எஃப்.டி.ஏ. தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அதற்கு விதித்தது. மற்ற மருந்துகள் பலனளிக்காதபோதோ ஒத்துக்கொள்ளாதபோதோ மட்டுமே மூக்கு ஒவ்வாமைக்கு அதைத் தரலாம் என்றும் சொன்னது. பழைய சீட்டைக் காட்டி நாமே வாங்கித் தொடர வேண்டிய மருந்து அல்ல அது.

இவற்றையெல்லாம் துணிந்து எடுக்கும் நாம், ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே என்றதும் பயப்படுகிறோம். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய வருத்தம். நாள்பட்ட அடைப்புக்கு ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையைவிட இந்த ஸ்பிரேக்களே மேல் என்பது ஆய்வுக்கு ஆய்வு தெரிந்த விஷயம். மோமெட்டாசோன், ஃப்ளூட்டிகாசோன் ஸ்பிரேக்களில் ரத்தத்தில் கலப்பது போட்ட அளவில் 2 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகலாம். மூன்றாம் நாளே “இது வேலை செய்யவில்லை” என்று ஓரம் கட்டுகிறவர்கள் ஏராளம். அடிக்கும் முறையும் முக்கியம்: தலையைப் பின்னால் சாய்க்காமல் சற்றே குனிந்து, வலது மூக்குக்கு இடது கையால், இடது மூக்குக்கு வலது கையால், குழலின் நுனி வெளிப்பக்கமாகப் பார்க்கும்படி அடிக்க வேண்டும். இரு துவாரங்களுக்கும் இடையே உள்ள நடுத்தண்டின் மேலேயே அடித்தால் எரிச்சலும் ரத்தக்கசிவும் வரும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

பரிசோதனைத் தாளைப் படிப்பதிலும் தவறு நேர்கிறது. படுக்கைத் தூசியில் வாழும் நுண்ணிய தூசுப் பூச்சி, கரப்பான், சீமைக் கருவேல மகரந்தம் என்று பத்துப் பெயருக்கு எதிரே “பாசிட்டிவ்” என்றிருந்தால், அந்தப் பத்தும் உங்கள் தும்மலுக்குக் காரணம் என்று பொருளில்லை. அவற்றுக்கு எதிரான ஐஜிஇ (ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்புப் புரதம்) உடலில் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பொருளின் அருகே போகும்போது தொந்தரவு வருகிறதா என்பதையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மாறாக, தோல் சோதனையும் ரத்தச் சோதனையும் ஒன்றும் காட்டாமல், மூக்குக்குள் மட்டும் ஒவ்வாமை உள்ளவர்களும் உண்டு. தோல் சோதனைக்குச் சில நாள் முன்பே ஆன்டிஹிஸ்டமினை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் முடிவு பொய்க்கும்.

தூசுப் பூச்சிக்கென்று விலை உயர்ந்த மெத்தை உறை வாங்குவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நெதர்லாந்தில் 279 பேரை வைத்து நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், உறை போட்ட படுக்கையில் பூச்சியின் ஒவ்வாமைப் பொருள் குறைந்தது உண்மை. நோயாளிகளின் தொந்தரவில் மட்டும் வித்தியாசம் இல்லை. உறை ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாற்றமே.

ஒவ்வாமையின் போக்கையே மாற்றக்கூடிய சிகிச்சை இம்யூனோதெரபி. ஒவ்வாமைப் பொருளையே ஊசியாகவோ நாக்கின் அடியில் வைக்கும் மருந்தாகவோ தருவார்கள். பலர் ஓராண்டு போட்டு, நன்றாக இருக்கிறதே என்று நிறுத்திவிடுகிறார்கள். புல் மகரந்த ஊசியை மூன்று நான்கு ஆண்டு போட்டவர்களுக்கு, நிறுத்திய பிறகும் மூன்று ஆண்டு பலன் நீடித்ததை ஒவ்வாமை ஆய்வாளர் ஸ்டீபன் டர்ஹாம் குழுவின் 1999 ஆய்வு காட்டியது. இரண்டே ஆண்டில் நிறுத்தினால் என்ன ஆகும்? அதைப் பார்க்கவே 106 பேருடன் லண்டனில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2017-இல் முடிவு வெளியானது. சிகிச்சை நடந்த காலத்தில் பலன் இருந்தது. நிறுத்தி ஓராண்டு கழித்து மூக்குக்குள் மகரந்தத்தைச் செலுத்திப் பார்த்தபோது, நாக்கடி மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஒப்பிட்டுப் பார்க்கத் தரப்பட்ட, மருந்தே இல்லாத போலி மருந்து எடுத்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே தொடங்கும்போதே மூன்றாண்டுக்கான செலவையும் அலைச்சலையும் கணக்குப் போட்டுக்கொண்டு தொடங்குங்கள். ஊசி போட்ட பின் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே இருப்பதும் கட்டாயம். அரிதாகக் கடுமையான எதிர்வினை வரக்கூடும்.

இரவில் இருமலோ, இழைப்போ, நெஞ்சில் இறுக்கமோ சேர்ந்திருந்தால் மூக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்துமா இருக்கிறதா என்று ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனையையும் செய்துகொள்ளுங்கள்.