கதாபாத்திரம் யாருடையது? காமிக்ஸ், கேம், என்எஃப்டி என்று விரியும் ஓவியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஓவியர்கள் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு கதாபாத்திரங்களை வரைகிறார்கள். அவற்றுக்கென்று ஓர் உலகம், ஒரு வரைபடம், ஒரு பூர்வகதை. கொஞ்ச நாளிலேயே அறிவிப்பு வருகிறது: காமிக்ஸ் வரும், கேம் வரும், என்எஃப்டி (படத்தின் பேரில் இணையத்தில் விற்கும் டிஜிட்டல் டோக்கன்) வரும், பிறகு அனிமேஷன் தொடரும் வரும். இப்படித் தொடங்கும் முயற்சிகளில் ஓவியம் சரியில்லாமல் கவிழ்ந்தவை குறைவு. எந்த உரிமையை யாருக்கு, எவ்வளவு காலத்துக்குக் கொடுத்தோம் என்று தெரியாமலேயே கொடுத்துவிட்டுக் கவிழ்ந்தவைதான் அதிகம். கூட்டாளி, பதிப்பகம், கேம் ஸ்டுடியோ, டோக்கன் வாங்கியவர் என்று ஆள்தான் மாறுகிறார், கோளாறு ஒன்றுதான்.

நண்பர்கள்தானே என்று எழுதாமல் விடுவது

ஒருவர் கதை எழுதுகிறார், ஒருவர் வரைகிறார், இன்னொருவர் வண்ணம் தீட்டுகிறார். கதாநாயகியின் முகத்தை முதலில் வரைந்தது யார், பெயர் வைத்தது யார் என்பதெல்லாம் ஆரம்பத்தில் சிரித்துப் பேசும் விஷயம். பணம் வந்த பிறகு அதுவே வழக்கு. 'தி வாக்கிங் டெட்' காமிக்ஸின் எழுத்தாளர் ராபர்ட் கிர்க்மனும் முதல் ஆறு இதழ்களை வரைந்த டோனி மூரும் சிறுவயது நண்பர்கள். தொலைக்காட்சித் தொடர் பெரிய வெற்றி பெற்ற பிறகு, தன் உரிமைகளை ஏமாற்றி எழுதி வாங்கிவிட்டதாக மூர் 2012இல் வழக்குப் போட்டார். அதே ஆண்டில் சமரசம் ஆனது. யார் பக்கம் நியாயம் என்பது நமக்கு வேண்டாம். சிறுவயது நட்பும் ஒப்பந்தத்தின் இடத்தை நிரப்பாது என்பதைப் பார்த்துக்கொண்டால் போதும்.

ஒரு பக்கத் தாளில் மூன்று விஷயங்களையாவது எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள்: உரிமை யார் பெயரில் இருக்கும், வருமானம் எப்படிப் பிரியும், ஒருவர் விலகினால் அவர் செய்த வேலை என்ன ஆகும். மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

வெளியாளிடம் காசு கொடுத்து வாங்கும் வேலையிலும் இதே பொறி உண்டு. ஃப்ரீலான்ஸராக இசை அமைத்தவருக்கோ, பின்னணி வரைந்தவருக்கோ பணம் கொடுத்துவிட்டதால் மட்டும் பதிப்புரிமை எப்போதும் உங்களுக்கு வந்துவிடுவதில்லை. பெரும்பாலான நாடுகளில் எழுத்து மூலம் மாற்றித் தரும்வரை அது படைத்தவரிடமே இருக்கும். காமிக்ஸுக்காக வாங்கிய பின்னணி ஓவியத்தைக் கேமில் சேர்க்கும் நாளில்தான் இது தெரியவரும்.

மொத்தமாக எழுதிக் கொடுப்பது

சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938இல் அதன் உரிமையை 130 டாலருக்குக் கொடுத்தது இந்தத் துறையின் மிகப் பழைய பாடம். 1975இல், பொதுவெளியில் பெரிய சர்ச்சை ஆன பிறகு, உரிமையை வைத்திருந்த நிறுவனம் இருவருக்கும் ஆண்டுத் தொகை தரவும் அவர்கள் பெயரைப் போடவும் ஒப்புக்கொண்டது.

புதிய உதாரணமும் இருக்கிறது. 'விட்சர்' கதைகளை எழுதிய ஆந்த்ரேய் சப்கோவ்ஸ்கி, கேம் உரிமையை சிடி புராஜெக்ட் என்ற கேம் நிறுவனத்துக்குக் கொடுத்தபோது லாபத்தில் பங்கு வேண்டாம், தொகையை மொத்தமாகத் தாருங்கள் என்று வாங்கிக்கொண்டார். கேம் எங்கே ஓடப்போகிறது என்ற எண்ணம். முதல் கேம் 2007இல் வந்தது; அடுத்தடுத்த பாகங்கள் உலகமெங்கும் விற்றன. 2018இல் அவர் 6 கோடி ஸ்லோட்டி (போலந்து நாணயம்) கூடுதலாகக் கேட்க, 2019 கடைசியில் புது ஒப்பந்தம் போட்டார்கள். அவர் ஏற்கெனவே புகழ்பெற்ற எழுத்தாளர் என்பதால் நிறுவனமும் பேச உட்கார்ந்தது. முதல் காமிக்ஸ் போடும் ஓவியருக்கு அந்த மரியாதை கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஒப்பந்தத்தில் தேட வேண்டிய வரி ஒன்று உண்டு. "தற்போதுள்ள, இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்ற மாதிரி அது இருக்கும். காமிக்ஸ் பதிப்பகத்துக்கு எதற்குக் கேம் உரிமை? கேம் ஸ்டுடியோவுக்கு எதற்குப் பொம்மை உரிமை? எந்த ஊடகம், எந்த நாடுகள், எத்தனை ஆண்டு என்று மூன்றையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு உரிமம் கொடுங்கள். குறித்த காலத்துக்குள் அவர்கள் எதையும் வெளியிடாவிட்டால் உரிமை தானாகவே உங்களிடம் திரும்ப வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு வரைந்து அலுத்த ஏழு ஓவியர்கள் 1992இல் இமேஜ் காமிக்ஸைத் தொடங்கியபோது, படைப்பின் உரிமை படைத்தவரிடமே இருக்க வேண்டும் என்பதைத்தான் அடிப்படை விதியாக வைத்தார்கள். அப்படியும் தொழில் நடத்தலாம் என்பதற்கு அந்த நிறுவனம் இன்றும் இயங்கிக்கொண்டிருப்பதே போதும்.

பெயர் தனிக் கதை. பதிப்புரிமை ஓவியத்தையும் கதையையும் காக்கும். தலைப்பையும் கதாபாத்திரத்தின் பெயரையும் காப்பது டிரேட்மார்க். அதுவும் வகைவாரியாகத்தான் பதிவாகும்: கேம் மென்பொருள் வகை 9, அச்சு நூல்கள் 16, உடை 25, பொம்மை 28, பொழுதுபோக்குச் சேவை 41. காமிக்ஸ் பெயரை 16இல் மட்டும் பதிந்துவிட்டு நிம்மதியாக இருந்தால், 9இல் வேறு யாராவது உட்கார்ந்திருக்கலாம். அறிவிப்பதற்கு முன்பே ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.

டோக்கனில் என்ன கொடுக்கிறோம் என்றே தெரியாதது

இங்கேதான் குழப்பம் அதிகம், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

என்எஃப்டி என்பது பிளாக்செயினில் (பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் பதிவேட்டில்) ஒரு பதிவு: இந்த எண்ணுள்ள டோக்கன் இந்த வாலெட்டில் (டிஜிட்டல் பணப்பையில்) இருக்கிறது என்று அது சொல்லும். ஓவியத்தின் பதிப்புரிமை அதோடு போகாது. வாங்கியவர் அந்தப் படத்தை டி-ஷர்ட்டில் போடலாமா, அந்தக் கதாபாத்திரத்தை வைத்துப் படம் எடுக்கலாமா என்பதெல்லாம் நீங்கள் தனியாக எழுதித் தரும் உரிமத்தில் இருக்கிறது. 2021 ஏப்ரலில் வந்த போர்ட் ஏப் யாட் கிளப் என்ற குரங்குப் பட என்எஃப்டி தொகுப்பு, வாங்கியவர்களுக்கு வணிக உரிமையைத் தாராளமாகக் கொடுத்தது. அதைப் பார்த்துப் பலர் அதே வரிகளை நகலெடுத்தார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பத்தாயிரம் குரங்கு முகங்களுக்கு அது பொருந்தலாம். உங்கள் கதையின் நாயகி ஒருத்திதான். அவளை வைத்து வணிகம் செய்யும் உரிமையை டோக்கன் வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிட்டால், நாளை அவளை வைத்துப் படம் எடுக்க வரும் தயாரிப்பாளரிடம் நீங்கள் எதைக் கொடுப்பீர்கள்? முக்கியக் கதாபாத்திரங்களை டோக்கனுக்குள் கொண்டுபோகாமல், அந்த உலகத்தில் நடமாடும் பொது மனிதர்கள், பொருட்கள், அட்டைப் படங்கள் என்று வைத்துக்கொள்வது நல்லது.

உரிமத்தை டோக்கனோடு கட்டிப்போட்டால் வேறொரு சங்கடம். 2022 மே மாதத்தில் நடிகர் சேத் கிரீன் வைத்திருந்த, அதே தொகுப்பைச் சேர்ந்த குரங்கு டோக்கன் திருட்டுப்போனது. அந்தக் குரங்கையே பாத்திரமாக வைத்து அவர் ஒரு தொடர் தயாரித்துக்கொண்டிருந்தார். டோக்கன் இல்லையென்றால் உரிமம் உண்டா என்ற கேள்வி எழுந்தது. கடைசியில் அதை 165 ஈதர் (ஒரு கிரிப்டோ நாணயம்) கொடுத்து மீட்டார்.

கொடுத்ததை மாற்றுவதும் தவறு. 2022 ஆகஸ்டில் மூன்பேர்ட்ஸ் என்ற என்எஃப்டி திட்டத்தினர் தங்கள் படங்களை யாரும் பயன்படுத்தலாம் என்று சிசி0 முறைக்குத் திடீரென மாற்றினார்கள். தங்களுக்கு மட்டும் தனி உரிமை என்று நம்பி வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். சிசி0 தவறான தேர்வு என்று சொல்லமாட்டேன். அதை விற்பனைக்கு முன் சொல்லியிருக்க வேண்டும்.

தன்னிடம் இல்லாததை விற்பதும் நடக்கிறது. 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், மிட்ஜர்னி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியால் உருவாக்கிய படங்கள் கொண்ட ஒரு காமிக்ஸுக்கு எழுத்துக்கும் பக்க அமைப்புக்கும் மட்டும் பாதுகாப்பு உண்டு, தனித்தனிப் படங்களுக்கு இல்லை என்றது. அப்படிப்பட்ட படங்களைக் கொண்ட டோக்கனுக்கு "தனி வணிக உரிமம்" என்று எழுதிக் கொடுத்தால், அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு?

படம் எங்கே இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான டோக்கன்களில் படம் கிடையாது, படத்துக்கான இணைப்புதான் இருக்கும். எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ வர்த்தக நிறுவனம் 2022 நவம்பரில் திவாலானதும், அங்கே உருவாக்கிய டோக்கன்களின் இணைப்புகள் திவால் வழக்குப் பக்கத்துக்குத் திரும்பிவிட்டன, படங்கள் காணவில்லை. ஐபிஎஃப்எஸ் என்ற பரவலான கோப்புச் சேமிப்பு முறையைப் பயன்படுத்தினாலும் கோப்பை யாராவது ஒருவர் தொடர்ந்து வைத்திருக்க வேண்டும். அந்தச் செலவு யாருடையது, எத்தனை வருடத்துக்கு என்று முதலிலேயே தீர்மானியுங்கள்.

அப்புறம் ராயல்டி. மறுவிற்பனை ஒவ்வொன்றிலும் பங்கு வந்துகொண்டே இருக்கும் என்று கணக்குப் போட்டுக் குழு அமைத்தவர்கள் பலர். ஈஆர்சி-2981 என்ற தொழில்நுட்பத் தரநிலை ராயல்டி எவ்வளவு என்று சொல்லும், வசூலித்துத் தராது. அது சந்தைத் தளத்தின் விருப்பம். ஓபன்சீ என்ற என்எஃப்டி சந்தைத் தளம் 2023 ஆகஸ்டில் கட்டாயத்தைக் கைவிட்டதும் அந்தக் கணக்கெல்லாம் கலைந்தது. மறுவிற்பனைப் பங்கை வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளலாம். சம்பளத்தை அதை நம்பிப் போடக் கூடாது.

இன்னும் இல்லாத கதையை விற்பது

எல்லாத் தவறுகளிலும் இதுதான் அதிகம் ஆசை காட்டுவது. 2022 பிப்ரவரியில் பிக்சல்மான் என்ற திட்டம், கேம் வருவதற்கு முன்பே டோக்கன் விற்று ஏறக்குறைய 7 கோடி டாலர் திரட்டியது. பிறகு வெளியிட்ட உருவங்கள் இணையம் முழுக்கக் கேலிக்கு ஆளாயின. முன்பணம் வாங்கிவிட்டால் அரைகுறைப் படத்தைக்கூடக் காட்டித்தான் ஆக வேண்டும். நிதானமாகத் திருத்தும் சுதந்திரம் போய்விடும்.

சட்டச் சிக்கலும் இங்கேயே தொடங்குகிறது. இம்பாக்ட் தியரி என்ற ஊடக நிறுவனம் அடுத்த டிஸ்னியை உருவாக்குவதாகப் பேசி 2021இல் சுமார் 3 கோடி டாலருக்கு டோக்கன் விற்றது. அது பதிவு செய்யாத பங்கு விற்பனைக்குச் சமம் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமான எஸ்இசி 2023இல் நடவடிக்கை எடுத்தது. 61 லட்சம் டாலருக்கு மேல் கட்டிச் சமரசம் செய்துகொண்டார்கள். ஸ்டோனர் கேட்ஸ் என்ற அனிமேஷன் தொடர் 35 நிமிடத்தில் 10,320 டோக்கன்களை விற்று 80 லட்சம் டாலர் பெற்றது. அதற்கு 10 லட்சம் டாலர் அபராதம். இத்தகைய விஷயங்களில் அரசின் கெடுபிடி காலத்துக்குக் காலம் கூடும், குறையும். ஆனால் "நாங்கள் வளர்ந்தால் உங்கள் டோக்கன் விலை ஏறும்" என்று சொன்ன நிமிடத்தில் நீங்கள் விற்பது ஓவியம் என்ற நிலையிலிருந்து முதலீடு என்ற நிலைக்குப் போய்விடுகிறது. வாங்கியவர் வாசகராக இல்லாமல் விலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் ஆகிறார். கதையில் ஒரு பாத்திரம் சாக வேண்டுமென்றால்கூட அவரிடம் பதில் சொல்ல வேண்டிவரும்.

காமிக்ஸ், கேம், டோக்கன் மூன்றையும் ஒன்றாகத் தொடங்குவது

நிலைத்த உலகங்கள் பெரும்பாலும் ஒரே ஊடகத்தில் வேர் பிடித்து, பிறகுதான் மற்றதற்குப் போயின. கெவின் ஈஸ்ட்மனும் பீட்டர் லேர்டும் 1984இல் நிஞ்சா ஆமைகளை முதலில் அச்சிட்டது சுமார் 3,000 பிரதி, கருப்பு வெள்ளையில். கார்ட்டூன் தொடர் 1987இல்தான். போகிமான் கேம் ஜப்பானில் வெளிவந்தது 1996 பிப்ரவரி. அட்டை விளையாட்டு அதே ஆண்டு அக்டோபரில், அனிமே 1997 ஏப்ரலில். கேமை உருவாக்கவே ஆறு வருடம் ஆகியிருந்தது.

காமிக்ஸ் ஓவியர்கள் கேமின் செலவையும் காலத்தையும் குறைத்து மதிப்பிடுவது சகஜம். ஹோம்ஸ்டக் என்ற இணையக் காமிக்ஸுக்கு வெறித்தனமான ரசிகர்கள் இருந்தார்கள். 2012இல் கேமுக்காகக் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணைய நிதி திரட்டும் தளத்தில் 7 லட்சம் டாலர் கேட்க, 24 லட்சத்துக்கும் மேல் வந்தது. முதல் பாகம் வந்தது 2017இல். இரண்டாவது பாகம் 2020இல். ரசிகரும் பணமும் இருந்தே இந்த நிலை. காமிக்ஸில் ஒருமுறை வரைந்து முடிக்கும் வாளும் அங்கியும் கேமில் எல்லாப் பக்கமும் திரும்ப வேண்டும், ஓடும்போது அசைய வேண்டும், சுவரில் புதையக் கூடாது. அங்கியில் இன்னொரு மடிப்பு வைக்கும்போதே அனிமேட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது உத்தமம்.

இரண்டு ஊடகங்களை ஒன்றையொன்று நம்பியிருக்கும்படி பின்னுவதும் ஆபத்து. டிஃபையன்ஸ் தொலைக்காட்சித் தொடரும் அதே பெயர் ஆன்லைன் கேமும் 2013 ஏப்ரலில் சேர்ந்தே வந்தன. தொடர் 2015இல் நின்றது. கேம் தனியாக 2021 வரை இழுத்துக்கொண்டு போனது. காமிக்ஸ் படிக்காதவருக்கும் கேம் புரிய வேண்டும். கேமில் நடப்பதைக் காமிக்ஸில் அப்படியே திருப்பிச் சொல்லவும் வேண்டாம். ஆடுபவர் தானே எடுத்த முடிவை வேறொருவர் எடுத்ததாகப் படிப்பதில் சுவாரசியம் இல்லை.

கேமுக்குள் டோக்கன் வைப்பதாக இருந்தால், எங்கே விற்கப்போகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளம் 2021 அக்டோபரிலிருந்து என்எஃப்டி பரிமாற்றம் உள்ள கேம்களை ஏற்பதில்லை. ஆடுபவர்களின் வெறுப்பும் சாதாரணமானதல்ல: 2021 டிசம்பரில் ஸ்டாக்கர் 2 கேமுக்கு என்எஃப்டி அறிவித்தவர்கள், எழுந்த எதிர்ப்பில் சில நாட்கள்கூடத் தாங்காமல் திட்டத்தைக் கைவிட்டார்கள். டோக்கன் இல்லாமலும் கேம் முழுமையாக ஓட வேண்டும் என்பது என் கருத்து. அப்போதுதான் ஒரு தளம் விதியை மாற்றினாலும் கேமைத் திரும்ப எழுத வேண்டியிருக்காது.

நின்றுபோனால் என்ன என்று யோசிக்காதது

கேம் ஸ்டுடியோ பாதியில் மூடினால் 3டி மாடல்கள், அனிமேஷன் கோப்புகள், கணினி நிரல், ஒலிப்பதிவு எல்லாம் யாரிடம் போகும்? எழுதியிருக்காவிட்டால் கடன்காரர்களிடம் போகலாம். ஒவ்வொரு கட்ட வேலை முடியும்போதும் மூலக் கோப்புகளின் ஒரு பிரதி உங்களிடம் வர வேண்டும், அது வந்த பிறகே அடுத்த தவணை என்று ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். டோக்கன்களை இயக்கும் பிளாக்செயின் நிரலான ஸ்மார்ட் கான்ட்ராக்டின் நிர்வாகச் சாவியும் அப்படித்தான். ஒரே ஒருவரின் மடிக்கணினியில் இல்லாமல், மூவரில் இருவர் ஒப்புதல் கேட்கும் மல்டிசிக் வாலெட்டில் இருக்கட்டும். டொமைன் பெயரும் சமூக ஊடகக் கணக்குகளும் யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கின்றன என்பதையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்; முதலில் விலகிப்போகும் நண்பரின் மின்னஞ்சலாக அது இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.