சுவிஸில் முதல் பனிச்சறுக்கு: டிசம்பர் வானிலையை எப்படிப் பார்ப்பது?

நவம்பர் பிறந்துவிட்டால் வேலையிடத்திலும் பிள்ளைகளின் பள்ளியிலும் ஸ்கீ பேச்சுத்தான். புதிதாக வந்தவர்களும் ஆசைப்பட்டு, மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏதோ ஒரு சனிக்கிழமைக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் புல்லும் கல்லுமாகக் கிடக்கும். இல்லையென்றால் காற்றுக்காகக் கேபிள் காரை நிறுத்தியிருப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் மலை அப்படித்தான். மலிவு டிக்கெட்டுகளில் பலவற்றுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது என்பதையும் வாங்குமுன் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஜன்னலுக்கு வெளியே தெரிவதை வைத்து மலையைக் கணிக்காதீர்கள். என் முதல் டிசம்பரில் பத்து நாட்களாகச் சூரியனைக் காணவில்லை. வானம் ஈயத் தகடுபோல் கூரைக்கு மேலே நின்றது. ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை நான் ரத்துசெய்துவிட்டு வீட்டில் சுருண்டுகிடந்தேன். உடன் வேலை செய்பவர் போனார். மறுநாள் அவர் காட்டிய படத்தில் நீல வானம். மேலங்கியைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தார். அவர் காலடிக்கு வெகு கீழே பஞ்சுக் கடல். அந்தக் கடலுக்கு அடியில்தான் நான் படுத்திருந்தேன்.

இதற்கு ஜெர்மனில் ஹோக்நேபல் என்று பெயர், உயர்மூடுபனி. ஜூரா மலைக்கும் ஆல்ப்ஸுக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில் கனமான குளிர்காற்று குளம்போல் தேங்க, அதன் மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்கிறது. காற்று அசையாத நாட்களில் மூடுபனியின் மேல்மட்டம் 800 மீட்டர் அளவில் நிற்கும். பீஸ எனப்படும் வடகிழக்குக் காற்று வீசினால் 1,500 மீட்டர்வரைகூட எழும்பும். சுவிஸ் அரசின் வானிலை நிறுவனமான மேத்தியோசுவிஸின் முன்னறிவிப்பில் இந்த மேல்மட்டத்தின் உயரத்தைச் சொல்வார்கள். நீங்கள் போகுமிடம் அதற்கு மேலே என்றால், தயங்காமல் கிளம்புங்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது நுல்கிராட்கிரென்ட்ஸ, அதாவது வெப்பநிலை பூச்சியம் டிகிரியைத் தொடும் உயரம். நான் எல்லாவற்றுக்கும் முன்னால் தேடுவது இந்த ஓர் எண்ணைத்தான். 100 மீட்டர் ஏறினால் சராசரியாக 0.65 டிகிரி குறையும் என்பது கணக்கு. விழும் பனி உடனே உருகிவிடாது என்பதால், பனி மழையாக மாறும் எல்லை பூச்சியக் கோட்டுக்கு இருநூறு, முந்நூறு மீட்டர் கீழே இருக்கும். எங்கெல்பெர்க் கிராமம் சுமார் 1,000 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து டிட்லிஸ் மலைக்குப் போகும் கேபிள் கார் 3,000 மீட்டர்வரை ஏறுகிறது. பூச்சியக் கோடு 2,000 மீட்டர் என்று போட்டிருந்தால், கிராமத்தில் குடை, பாதி வழியில் சேறு, மேலே நல்ல பனி. அடைமழை நாட்களில் குறுகிய பள்ளத்தாக்குகளில் மட்டும் இந்தக் கணக்குப் பிசகும்: உருகும் பனி காற்றைக் குளிரவைத்துக்கொண்டே போவதால் பனியெல்லை சரசரவென்று கீழே இறங்கிவிடும்.

காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் பெரிய விஷயம். வடமேற்கிலிருந்து ஈரக்காற்று வந்து ஆல்ப்ஸில் முட்டினால் வடபக்கத்து மலைகளுக்குப் பனி கொட்டும். அந்நேரம் ஆல்ப்ஸுக்குத் தெற்கே உள்ள திசீனோ மாநிலத்தில் வெயில். தெற்கிலிருந்து வந்தால் எல்லாம் தலைகீழ்: தெற்குச் சரிவுகளில் பனி குவிய, வடக்குப் பள்ளத்தாக்குகளில் ஃபோன் என்ற வறண்ட சூடான காற்று சீறி இறங்கும். (தலைமுடி உலர்த்தும் கருவிக்கும் இங்கே இதே பெயர்தான், பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.) ஃபோன் அடிக்கும் நாளில் மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் தெளிவாகத் தெரியும். அந்த அழகைப் பார்த்து ஏமாந்துபோக வேண்டாம். உயரத்துக் கேபிள் கார்கள் நின்றிருக்கும், கீழ்ப்பனி ஒரே நாளில் கரைந்துபோகும்.

பருவ முற்பகுதியின் சஞ்சலத்துக்கு செர்மாட் என்ற மலையூர் நல்ல சாட்சி. அங்கே பனியாற்றின் மேல் ஆண்டு முழுவதும் சறுக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் நடக்கவிருந்த உலகக் கோப்பைப் பந்தயங்களே 2022இல் பனி போதாமல் ரத்தாயின. 2023 நவம்பரில் பனியும் பலத்த காற்றும் மிதமிஞ்சி ரத்தாயின. ஆகவே, 'இந்த ஆண்டு கடுங்குளிர்' என்று அக்டோபரிலேயே வரும் ஆரூடங்களை நான் வாசிப்பதோடு சரி. ஐந்து நாட்களுக்கு மேற்பட்ட முன்னறிவிப்பை நம்பிப் பணம் கட்டுவதில்லை. வியாழன் மாலை பார்த்துவிட்டுச் சனிக்குக் கிளம்புவதே என் வழக்கம்.

பனியறிக்கையில் 'மேலே 60, கீழே 0' என்று சென்டிமீட்டரில் போட்டிருந்தால், அந்தப் பூச்சியத்தைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். தால்அப்ஃபார்ட், அதாவது பள்ளத்தாக்குவரை சறுக்கி இறங்கும் பாதை, மூடியிருக்கும். இறங்கவும் கேபிள் கார்தான். பாதையோரத்து மெல்லிய பனிக்கடியில் கற்கள் ஒளிந்திருக்கும். ஒருமுறை வாடகைக்கு எடுத்த ஸ்கீ கட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர் அதன் அடிப்பக்கத்தைப் பார்த்து, நீளமான கீறலில் நகத்தை வைத்து இழுத்தார். நகம் உள்ளே இறங்கியது. அவர் எதுவும் சொல்லவில்லை, கட்டணச் சீட்டில் ஒரு வரியைக் கூட்டி எழுதினார்.

செயற்கைப் பனி இருக்கிறதே என்பீர்கள். பனிப் பீரங்கிகளுக்கு வறண்ட குளிர்காற்று வேண்டும். ஈரமான காற்றில் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே இறங்கினாலும் அவற்றால் சரியாகப் பனி செய்ய முடியாது. மூடுபனிக்கு மேலே இதமாக வெயில் காயும் நாட்களில் அவை சும்மாதான் நிற்கும்.

பனிச்சரிவு விஷயத்தில் விளையாட்டே கூடாது. தாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆராய்ச்சி நிறுவனமான எஸ்எல்எஃப் குளிர்காலத்தில் அன்றாடம் மாலை 5 மணிக்கு அறிக்கை வெளியிடுகிறது. அபாயம் ஐந்து படிகள். நடுப்படியான மூன்று 'பரவாயில்லை' என்று தோன்றும், ஆனால் உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்தப் படியில்தான் நேர்கிறது. முன்பருவத்தில் மெல்லிய பனி தெளிந்த இரவுகளில் சர்க்கரைபோல் பொலபொலத்துப் போகும். அதன் மேல் கனத்த புதுப்பனி விழுந்தால் பிடிமானம் இருக்காது. திறந்திருக்கும், கம்பு நட்ட பாதைக்குள் இருக்கும்வரை பாதுகாப்பை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும். பக்கத்தில் யாரோ சறுக்கிய தடம் தெரிகிறதே என்று கயிற்றைத் தாண்டாதீர்கள்.

உடைக்கு வெப்பமானியை மட்டும் நம்ப வேண்டாம்: கழித்தல் 5 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றடித்தால் தோலுக்குக் கழித்தல் 14 போலிருக்கும். காரில் போனால் குளிர்கால டயர் கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை, ஆனாலும் கோடை டயரோடு விபத்தில் மாட்டினால் பொறுப்பு உங்கள் தலையில் விழலாம். அக்டோபர் முதல் ஈஸ்டர்வரை என்பது இங்கே எல்லோரும் சொல்லும் வாய்ப்பாடு. ஒரே முதலாளியிடம் வாரம் 8 மணிநேரமாவது வேலை செய்கிறீர்களென்றால் ஓய்வுநேர விபத்துக்கும் காப்புறுதி உண்டு. வேறு விபத்துக் காப்புறுதி இல்லாதவர்களும் பிள்ளைகளும் மருத்துவக் காப்புறுதியில் விபத்துப் பிரிவைச் சேர்த்திருக்க வேண்டும். ரேகா மீட்பு ஹெலிகாப்டரின் எண் 1414.

டிசம்பரில் மூன்று மணிக்கெல்லாம் வெயில் முகட்டுக்குப் பின்னால் போய்விடும். அதன் பிறகு மேடும் பள்ளமும் ஒரே வெள்ளையாகத் தெரியும், பகலில் இளகிய பாதை கண்ணாடிபோல் இறுகும். முதல்முறை வருகிறவர்கள் கடைசி வண்டிவரை காத்திருக்காமல் இரண்டரைக்கே இறங்கிவிடுங்கள்.