பன்னிரண்டு நரம்பும் பன்னிரண்டு வீதியும்

எம்.பி.பி.எஸ். முதல் வருட அனாட்டமி (உடற்கூறியல்) வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் தசைக்கு எந்த நரம்பு என்று கேட்டார்கள். மூளை நரம்புகள் பன்னிரண்டின் முதல் எழுத்துகளைக் கோத்த ஆங்கில வாக்கியம் எனக்கு மனப்பாடம். அதைச் சொல்லிப் பார்த்தேன். எழுத்து வந்தது, அந்த நரம்பின் வேலை வரவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து வந்தவளுக்கு அந்த வாக்கியமே தனியாக ஒரு பாடம்.

அப்புறம்தான் மீனாட்சி கோயில் வீதிகளை எண்ணினேன். சித்திரை வீதி நான்கு, ஆவணி மூல வீதி நான்கு, மாசி வீதி நான்கு. சரியாகப் பன்னிரண்டு. வீதிக்கு ஒரு நரம்பு என்று வரிசையாக வைத்து, அதன் வேலையை அந்த வீதியில் நடக்கும் ஒரு காட்சியாக மனதில் கட்டினேன்.

கிழக்கில் தொடங்கி வலமாக வாருங்கள். ஒரு சுற்று முடிந்தால் அடுத்த வெளிச்சுற்று. கீழச் சித்திரை வீதியில் மல்லிகை வாசம், அது முதல் நரம்பு, முகர்வுக்கான ஆல்ஃபேக்டரி. தெற்குச் சித்திரையில் அண்ணாந்தால் இருப்பதிலேயே உயரமான தெற்குக் கோபுரம், கண் நிறைய, பார்வைக்கான ஆப்டிக். வடக்குச் சித்திரை நான்காவது. மொட்டைக் கோபுர வாசலில் கீழே பார்த்துப் படி இறங்குகிறேன், கண்ணைக் கீழே திருப்ப உதவும் ட்ராக்ளியர். அந்த நரம்பு பழுதானால் படி இறங்கும்போதுதான் அதிகம் தொந்தரவு. இப்போது ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி டாக்டராக இருக்கிறேன். ஓ.பி.யில் ஒரு பெரியவர், "படி இறங்கையில எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது தாயி" என்றதும் எனக்கு அந்த வாசல்தான் வந்து நின்றது.

தெற்கு ஆவணி மூல வீதி முழுக்க நகைக்கடை. தலையைத் திருப்பாமல், வலது கண் மட்டும் வலப்பக்கக் கடைக்கு ஓடுகிறது. ஆறாவது, அப்டூசன்ஸ். வைவாவில் நான் விட்டது இதுதான். கீழ மாசி வீதியில், விளக்குத்தூண் பக்கம், ஜிகர்தண்டா கெட்டியாகத் தொண்டையில் இறங்குகிறது, ஒன்பதாவது, நாக்குக்கும் தொண்டைக்குமான குளோசோஃபரிஞ்சியல். தெற்கு மாசி வீதியில் அம்மாவோடு துணிக்கடை துணிக்கடையாக அலைகிறேன். வேகஸ் என்றால் லத்தீனில் அலைவது என்றே பொருள். கழுத்திலிருந்து வயிறு வரை அலையும் நரம்பு அது. மேல மாசியில் சப்பரம் தூக்கும் தோள், தோளை உயர்த்தும் அக்சஸரி. மிச்சத்தை நீங்களே கட்டுங்கள், சொந்தமாகக் கட்டியதுதான் நிற்கும். மதுரை பழக்கமில்லையா, உங்கள் ஊர்த் தெரு போதும். நரம்பின் வேலையைச் செய்பவராக நீங்களே படத்துக்குள் இருக்க வேண்டும், அது முக்கியம்.

படம் கட்டியதோடு விட்டால் போய்விடும். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து சோதித்து 1885இல் எழுதினார்: மறதி முதல் நாளிலேயே வேகமாக வருகிறது, போகப் போகத் தணிகிறது. அதனால் அன்று இரவே புத்தகத்தை மூடிவிட்டு மனதுக்குள் அந்த வீதிகளில் ஒரு நடை. மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், அப்புறம் மாதம் ஒருமுறை. தடுக்கினால் உடனே புரட்டாதீர்கள், ஒரு நிமிடம் அந்த வீதியிலேயே நில்லுங்கள். தேடி எடுக்கும் அந்த முயற்சிதான் ஞாபகத்தை இறுக்குகிறது. வரிசை தப்பியும் கேட்கச் சொல்லுங்கள். அறைத்தோழி "மேல ஆவணி மூலம்?" என்பாள். நான் கண்ணை இறுக்கி மூடிக் கன்னத்தை உப்பிக் காட்டுவேன், ஏழாவது, ஃபேஷியல்.

ஃபார்மகாலஜிக்கு (மருந்தியலுக்கு) வீதி வேண்டாம். மருந்துப் பெயரின் வாலைப் பிடியுங்கள். பிரில் என்று முடிந்தால் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஏஸ் இன்ஹிபிட்டர், வறட்டு இருமல் வரலாம். ஓலால் என்று முடிந்தால் இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர், ஆஸ்துமா இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.